தண்ணீருக்குப் பயந்த வாட்ச்

"மாப்ளே, முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குற வாட்ச், ஒரு வாளித் தண்ணியத் தாங்காதா?"

அண்ணன் கேட்டதும் தங்கை சிரித்துவிட்டாள். அவள் கணவரும் சிரித்தபடியே கையிலிருந்த வாட்சைக் கழற்றி, மெத்தென்ற துணியில் சுற்றி, அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் சட்டைக் கையை மடித்துவிட்டு மாமனாரைக் குளிப்பாட்டக் கிளம்பினார்.

"சோப்பு பட்டா உள்ள இருக்கிற ரப்பர் வளையம் கெட்டுடும் மச்சான்."

வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன், அப்பாவைப் பார்க்க லீவு போட்டு வந்திருந்தான். அப்பா நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். தினமும் குளிப்பாட்டுவது மாப்பிள்ளைதான்.

அண்ணன் கண்ணை உறுத்தியது அந்த வாட்ச். டைட்டானியம். பேட்டரி கிடையாது, சாவி கொடுத்து ஓட்டுவது. ஆழ்கடலில் முக்குளிப்பவர்களுக்காகச் செய்தது. மாப்பிள்ளைக்கோ நீச்சலே தெரியாது. மாமனார் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் ஜலதோஷம் என்று நழுவிய ஆள்.

அதை அவர் வைத்துக்கொள்கிற அழகே தனி. காலையில் எழுந்ததும் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, மெதுவாகச் சாவி கொடுப்பார். திருகை மறுபடி இறுக்கியாயிற்றா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார். கைக்குழந்தைக்குக்கூட இந்தச் சீராட்டல் கிடைக்காது என்றான் அண்ணன். சாப்பிட உட்கார்ந்தால் 'நீர்மூழ்கி மாப்பிள்ளை'தான். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே குழம்பை நகர்த்தி வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடித்தான். மாப்பிள்ளை சமையலறைக் குழாயடியில் நின்று, பழைய டூத் பிரஷ்ஷால் அதே வாட்சைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இதுக்கு மட்டும் தண்ணி ஆகுமா என்று மடக்கினான். அது வெந்நீர், இது பச்சைத் தண்ணி என்று அவர் ஏதோ சொல்லி மழுப்பினார்.

அண்ணனுக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. வாட்சுக்குத் தண்ணீர் ஆகிறது, அப்பா குளிக்கிற தண்ணீர்தான் ஆகவில்லை. தங்கையைத் தனியே கூப்பிட்டுக் குறைபட்டுக்கொண்டான். அவளும் மறுக்கவில்லை. அவருக்கு அந்த வாட்ச் மேல் கொஞ்சம் பைத்தியம்தான், விட்டுத்தள்ளு என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளைக்கு ஆபீசுக்குச் சீக்கிரம் போகவேண்டி வந்தது. நான் குளிப்பாட்டுகிறேன் என்று அண்ணன் முன்வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டே மாப்பிள்ளை, "மச்சான், மறக்காம உங்க வாட்சக் கழட்டிடுங்க" என்றார்.

"என் வாட்சுக்கு அந்தப் பவுசெல்லாம் கிடையாது மாப்ளே."

கழற்றவில்லை. வேண்டுமென்றேதான்.

முதுகுக்குச் சோப்புப் போடும்போது அப்பா லேசாக உடம்பைச் சுருக்கினார். வாட்சின் கொக்கி தோள்பட்டையில் உரசியிருந்தது. அண்ணன் அழுத்தக்கூட இல்லை. ஆனால் நனைந்த காகிதம் போலத் தோல் உரிந்து, நுரையெல்லாம் சிவந்துவிட்டது.

பதறிப்போய்த் துண்டை எடுத்து அழுத்திப் பிடித்தான். அப்பாதான் அவனைச் சமாதானப்படுத்தினார். சாப்பிடுகிற மாத்திரைகளால் தோல் இப்படி ஆகிவிட்டதாம். போன வருஷம் இதேபோல மாப்பிள்ளையின் வாட்ச் பட்டு, ஆற ரொம்ப நாளாயிற்றாம்.

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

அப்பா நல்ல கையால் துண்டைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் தண்ணியில தாங்கிப் பிடிச்ச உடம்புடா இது. உரசினா கிழியுதுன்னு வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன். 'அப்ப பழி என் வாட்ச் மேலயே இருக்கட்டும் மாமா'ன்னுட்டாரு."