ஈப் புகார்

கோழிப்பண்ணை கேட்டில் மதுமதி நிற்பதைப் பார்த்ததும் பண்ணைக்காரர் தமிழரசு தீவன வாளியை அப்படியே கீழே வைத்தார். பண்ணையிலிருந்து ஈ வருகிறதென்று நாமக்கல் போய்க் கலெக்டரிடமே மனு கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி அவள். அதிகாரிகள் வந்து போட்ட சத்தத்தில், பண்ணையை மூடச் சொல்லாததுதான் குறை.

“வா அம்மணி. எருவெல்லாம் அள்ளியாச்சு, மருந்தும் அடிச்சாச்சு. இன்னும் ஈ வருதா?”

“ஒண்ணுகூட வர்றதில்லீங்ண்ணா.”

“அப்புறம் ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது?”

“ஊட்டுல ஒரு உசுரு பட்டினி கெடக்குதுங்க. பார்த்துப் பார்த்து வளர்த்தது.”

“நாய்க்குட்டியா? கோழிக்குடல் தரச் சொல்லட்டா?”

“அதெல்லாம் ஆகாதுங்க. உசுரோட இருக்கறதைத்தான் திங்கும்.”

தமிழரசு கூண்டுக் கோழிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மதுமதி கூடையிலிருந்து ஒரு சின்னத் தொட்டியை எடுத்து வைத்தாள். பல் முளைத்த வாய்களைப் போல இலைகள் திறந்திருந்தன. நடுவில் நீண்ட காம்பின் நுனியில் ஒரு மொட்டு.

“பூச்சி திங்கற செடிங்க. மொத மொட்டு விட்டிருக்குது. தெம்பிருந்தாத்தான் பூக்கும்னாங்க.” காலி பாட்டில் ஒன்றை நீட்டினாள். “மருந்தடிக்காத மூலை இருந்தா, நாலு ஈ புடிச்சுக்கட்டுங்களா?”

“தாராளமாப் புடிச்சுக்க அம்மணி,” என்றார் தமிழரசு. “ஈ வேணும்னு கலெக்டருக்கு ஒரு மனு மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்துரு.”