வெள்ளிக்கிழமைச் சிரிப்பு

பூரணம் கொண்டுவந்த வாழைச்சருகுப் பொட்டலத்தை நான் கையால் வாங்கவில்லை. அங்கே வை என்று கண்ணால் காட்டினேன்.

இவர் செத்த எட்டாம் நாள். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற எட்டுச்செலவு. ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், ஒரு போத்தல் கள்ளு, சுருட்டு எல்லாம் வாழையிலையில் இருந்தன. பெண்சாதி எனக்குத் தெரியாத விருப்பம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணைக்கு இதெண்டால் உயிர்," என்றாள்.

அந்த 'அண்ணை' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பதினொரு வருசமாக, ஒவ்வொரு வெள்ளியும் பொழுதுபட, இவர் அவள் வீட்டுக்குப் போவார். அவளுடைய தகப்பன் மார்க்கண்டர் இணுவிலில் பேர்போன பரியாரி. முழங்கால் வாதத்துக்கு மருந்தெடுக்கப் போகிறாராம். திரும்பி வரும்போது ஒழுங்கை முழுக்க இவருடைய சிரிப்புக் கேட்கும். அரிசி கிடைக்காமல் பாணுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசங்கூட அந்தச் சிரிப்புக் குறையவில்லை.

முழங்கால் நோகிற மனிசன் அப்படிச் சிரிப்பாரா? பரியாரிக்குப் பல்லுமில்லை, பகிடியும் தெரியாது. அந்த வீட்டில் இருக்கிற மற்ற ஆள், புருசனை இழந்த பூரணம்.

நான் கேட்கவில்லை. கேட்டால் ஓமென்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

படைத்து, செத்தவர் வந்து சாப்பிடட்டுமென்று கதவைச் சாத்தி, திறந்தபிறகு எல்லாருக்கும் பங்கிட்டார்கள். பொட்டலத்துக்குள் கரிய லேகிய உருண்டைகள். எதைத் தின்னக் கொடுத்து மயக்கினாள், பார்ப்போமென்று இரண்டை வாயில் போட்டேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த மாமியின் மூக்கைப் பார்த்தேன். சும்மா மூக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. சனம் திகைத்துப் பார்த்தது. அதைப் பார்க்க இன்னும் சிரிப்பு.

ஒழுங்கையில் கேட்ட அதே சிரிப்பு.

பூரணம் ஓடிவந்து என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். நோவுக்கென்று தகப்பன் கஞ்சா போட்டுக் கிண்டுகிற லேகியம் அது, ஒன்றுக்குமேல் தின்னக்கூடாது என்றாள்.

மருந்துதானா சிரித்தது? நான் விடவில்லை. அங்கே இருந்து இவர் என்ன கதைப்பார் என்று கேட்டேன்.

"உங்களைப் பற்றித்தான் அக்கா. நீங்கள் ஏசினது, கோழி கலைச்சது, எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேறை கதை அவருக்கு இல்லை."

பதினொரு வருசம் அந்த மனிசனோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த பாவி நான். அதை நினைத்தாலும் சிரிப்புத்தான் வந்தது.

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கு வெள்ளி என் கதையையே கேட்டுக்கொண்டிருந்தவள். செத்தவீட்டன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். கதவில் சாய்ந்து, சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

நான் சந்தேகப்பட்டது பிழையில்லை. ஆசை வைத்த ஆளைத்தான் மாறிப் பிடித்திருந்தேன்.

அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. சிரிப்பு விடவில்லை.