முதல் அச்சு

"வீடுன்னா இதுதான் வீடு!" என்றார் பல் டாக்டர். இன்னும் சமையலறையைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. கூடத்தில் கால் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

சமையலறையில் குழாயைத் திருகிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். குழாய் லேசாக இருமிவிட்டு அடங்கிப்போனது. "என்னங்க சொன்னீங்க?"

"காத்தோட்டம்! அடடா, என்ன காத்தோட்டம்!"

ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன.

டாக்டரின் கண் நிலைகுத்தி நின்றது சுவர் அலமாரியில். காலி வீட்டில், விரல் கனத்துக்குத் தூசி படிந்த அந்த அலமாரியில், பளிச்சென்று ஒரே ஒரு இசைத்தட்டு சாய்ந்து நின்றது. அட்டையில் குடை பிடித்த குதிரை.

அந்தக் குதிரையைத்தான் அவர் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். நீள முடி வைத்த நாலு பேர் அந்தக் காலத்தில் வாசித்த ராக் ஆல்பம் அது. பிற்பாடு எத்தனையோ தடவை அச்சாகிவிட்டது. ஆனால் முதல் அச்சில்தான் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், பாடகன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் என்பது டாக்டரின் கட்சி.

அதற்காகப் பழைய சாமான் கடை, ஏலம் என்று அலைந்து, கிடைத்ததையெல்லாம் மொத்தமாக வாரிப் போட்டதில் வீட்டில் நடக்க இடமில்லை. லேபிளை ஒட்டி ஊசி முனையால் கீறின மாதிரி ஒரு குட்டி நட்சத்திரம் இருந்தால் அது முதல் அச்சு என்று, பல் பிடுங்க வந்தவர்களிடம்கூட விளக்குவார். வாய் திறந்திருப்பதால் அவர்களால் மறுத்துப் பேச முடியாது.

மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டை உறையிலிருந்து உருவினார். கடைவாய்ப் பல் பார்க்கிற சின்ன டார்ச்சை எடுத்து அடித்தார். நட்சத்திரம்! டார்ச்சை அணைத்து, மறுபடி அடித்துப் பார்த்தார். அங்கேயேதான் இருந்தது.

"முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க போல," என்றார் பக்கத்தில் வந்த வீட்டுத் தரகர். "தூக்கிப் போட்டுடவா சார்?"

"ஐயோ!" டாக்டர் சுதாரித்துக்கொண்டார். "இல்ல, குப்பைன்னாலும்... இதை மட்டும் நான் எடுத்துக்கலாமா?"

"வீட்டை எடுத்தீங்கன்னா உள்ள இருக்கறது எல்லாம் உங்களோடதுதான். எடுக்கலைன்னா எப்படி சார்? நாளைக்கு இன்னொருத்தர் பாக்க வர்றார். அவரும் ஏதோ பாட்டுப் பைத்தியமாம்."

அதற்குள் மனைவி கையைத் துடைத்தபடி வந்துவிட்டாள். "நான் கூப்பிட்டதுக்காக வந்து பாத்தீங்க, போதும். வாங்க போகலாம். இது உங்களுக்குச் சரிப்படாது."

"ஏன்? என்ன குறை?"

"குழாயில தண்ணி வரலை. ஜன்னல் திறக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் மேல, எதிர் வீடு எங்கம்மாவோடது. இந்தத் தெருவுல செத்தாலும் குடி வரமாட்டேன்னு சத்தியம் பண்ணவராச்சே நீங்க."

டாக்டர் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். எதிர் மாடியில் மாமியார், இந்த வாசலையே பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் மூடி கிடைக்கவில்லை என்று, கொதிக்கிற பாத்திரத்தின் மேல் டாக்டரின் இசைத்தட்டு ஒன்றைக் கவிழ்த்தவர் அவர். அது கிண்ணமாகத்தான் திரும்பி வந்தது.

"அத்தைக்கும் வயசாகுது," என்றார் டாக்டர். அதுவரை 'உங்கம்மா' என்று மட்டுமே சொல்லிவந்தவர். "பக்கத்துல நாம இல்லாம வேற யாரு இருப்பா?"

"உங்க ரெக்கார்டைப் போட்டு மூடினாங்களே?"

"சூடு ஆறிடக் கூடாதுங்கற அக்கறை. எனக்குத்தான் அன்னிக்கு அந்தப் பாசம் புரியலை."

"தண்ணி?"

"நான் குடத்துல தூக்கிட்டு வர்றேன். உடம்புக்கு நல்லது."

"ஜன்னல்?"

"மூடியே இருந்தா தூசி வராது பாரு."

"இப்பத்தானே காத்தோட்டம்னீங்க?"

"அது... வாசக் கதவு வழியா."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னமோ பண்ணுங்க. ஆனா நாளைப் பின்ன, நீதான் இங்க கொண்டு வந்து தள்ளினேன்னு என்னைச் சொல்லக் கூடாது, ஆமா."

"சொல்லவே மாட்டேன்!" தரகர் கையிலிருந்த பேனாவை, ஆடுகிற பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

குடிவந்த அன்று லாரியிலிருந்து முதலில் இறங்கியது ரெக்கார்டு பிளேயர்தான். ஊசி தட்டைத் தொட்டதும் டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. பாடகன் மூச்சு இழுத்தான், டாக்டரும் கூடவே இழுத்தார். குழாயில் வராத தண்ணீர் அவர் கண்ணில் வந்தது.

சத்தம் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. அங்கே மகளுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்:

"ஏண்டி, மாப்பிள்ளை சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காத தட்டாச்சே! நீ எந்தக் கடையில வாங்கி அந்த அலமாரியில கொண்டுபோய் வச்சே?"

"கடையா? எங்க கட்டிலுக்கு அடியில, அவரு பிரிக்காமலே போட்டு வச்சிருந்த பெட்டியிலதாம்மா இருந்துச்சு!"