வெட்டினார், வெட்டுவித்தார்

"உங்க தாத்தாவைப் பத்தின பக்கத்துல, உறவைச் சொல்லாம நீங்க கைவைக்கக் கூடாதுங்க." பெரிய வீட்டாரை எதிர்த்துப் பேசாதே என்று அம்மா சொல்லியிருந்தும், அந்த வீட்டு மதன்குமாரிடம் சொல்லிவிடுகிறேன். துடியலூர் பிரவுசிங் சென்டரில், நாங்கள் பலர் சேர்ந்து இணையத்தில் எழுதும் ஊர்க் களஞ்சியம் திரையில் நீலமாக ஒளிர்கிறது. அவர் தாத்தா அப்புசாமி ஊர்க் கிணற்றை ‘வெட்டுவித்தார்’ என்று நான் எழுதியதை ‘வெட்டினார்’ ஆக்கிவிட்டு, வெட்டிய வெள்ளியங்கிரியின் பெயரையும் நீக்கியிருக்கிறார் மதன்குமார். "வெள்ளியங்கிரி உங்கப்பன்தானே அம்மணி? அதைச் சொல்லாம நீ மட்டும் எழுதலாமா?" பக்கத்து நாற்காலிகள் திரும்புகின்றன. காதுமடல் சுடுகிறது. மண் சுமந்தவர் மகள் என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் மறைத்தேன். பக்கத்தின் அடியில் தட்டுகிறேன்: ‘இதை எழுதியவள் கிணறு வெட்டியவரின் மகள். திருத்தியவர் வெட்டச் சொன்னவரின் பேரன்.’ சேமித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறுகிறேன்.