டிஜே டெபாசிட்டின் பிறப்பு ரகசியம்

தலைவர்களின் மேடைப்பேச்சுகளை வெட்டி, குத்துப்பாட்டுத் தாளத்தில் ஒட்டி, ‘டிஜே டெபாசிட்’ என்ற பெயரில் யூடியூபில் போடுவது இளஞ்சேரனின் பிழைப்பு. ரசிகர்கள் நச்சரித்ததால் கிண்டலாக ஒரு வாழ்க்கைக் குறிப்பும் எழுதினான். ஐந்து வயதில் கட்சி மாநாடு ஒன்றில் அவன் தொலைந்துபோனானாம். தலைவர் பேச்சை முடிக்காததால் மைக்கில் அறிவிக்க வழியில்லாமல், ஸ்பீக்கர் செட்காரரே எடுத்து வளர்த்தாராம். லட்சம் பேர் சிரித்தார்கள்.

ஞாயிறு மதியம் போன் வந்தது.

“தம்பி, விருத்தாசலத்துலேருந்து செங்கமலம் பேசுறேன். உன் கதைய பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டிச்சு. என் பையனையும் மாநாட்டுலதான் தொலைச்சேன். அஞ்சு வயசு. நீ தொலைஞ்சது எந்த ஊருப்பா?”

அவன் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தான். “அது சும்மா சிரிப்புக்கு எழுதுனதும்மா. எனக்குத் தேனி. அப்பா அம்மா போய்ச் சேந்துட்டாங்க.”

“அப்ப யாரு சமைச்சுப் போடுறா?” என்றாள்.

“கடையிலதாம்மா.”

“வேளைக்குச் சாப்பிடு” என்று வைத்துவிட்டாள்.

அன்றே அந்தக் குறிப்பை அழித்தான். அடுத்த ஞாயிறு போனை மடியில் வைத்துக் காத்திருந்தான், வரவில்லை. கடைசியில் அவனே அழைத்தான்.

“யாரு?”

“நான்தாம்மா” என்றான், போனில் எல்லோரிடமும் சொல்வதுபோல. பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மறுமுனையில் அவள் விம்மத் தொடங்கிவிட்டாள்.