பூசை நேரத்தில் திறந்த கணினி

குருநகர் வீட்டில் அன்று இருந்தவர்கள் நால்வர்: செபநாயகம், அவர் மனைவி ஸ்ரெல்லா, மகள் ஜெனிற்றா, கணினி திருத்தும் கிறிஸ்ரோபர். மகன் கொலின்ஸைக் கடல் கொண்டுபோய் மூன்று மாதம். ஆள் தொடாத அவன் கணினி காலையில் சூடாக இருப்பதைக் கண்டு ஜெனிற்றாதான் கிறிஸ்ரோபரை அழைத்திருந்தாள்.

"அவர் கடலிலை மோசம் போன பிறகும் ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரைக்கு ஆரோ திறந்திருக்கினம்," என்று கிறிஸ்ரோபர் திரையில் பதிவைக் காட்டினான். "கடவுச்சொல் ஒருதரமும் பிழைக்கேல்லை."

ஜெனிற்றா கணினியை விட்டு விலகி நின்றாள். அந்த நேரம் அவளும் அம்மாவும் தேவாலயத்தில் விடியப்பூசையில் இருப்பார்கள்.

"அண்ணைதான் வாறார்."

"வீட்டு மானத்தை வாங்காதை. வாயை மூடு!" என்று அதட்டினார் செபநாயகம்.

ஸ்ரெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "தம்பி, எல்லாத்தையும் அழிச்சுவிடும். என்ரை பிள்ளையின்ரை ஆத்துமா இளைப்பாறட்டும்."

"அழிச்சால் அவரின்ரை படமொண்டும் மிஞ்சாது, அன்ரி."

"மிஞ்ச வேண்டாம்."

கிறிஸ்ரோபரின் விரல் அழிக்கும் விசைக்குப் போனது.

"பொறும் தம்பி!" செபநாயகம் அவன் கையைப் பிடித்தார். "கடவுச்சொல் உதயகலா."

ஸ்ரெல்லா திரும்பி அவரைப் பார்த்தாள். "அந்த நீர்வேலிச் சைவப் பெட்டையின்ரை பேரை இந்த வீட்டிலை எடுக்கக்கூடாது எண்டு பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பினது நீங்களெல்லோ?"

"ஓம். அதுதான் முதல்தரமே சரியாப் போட்டன்."

கொலின்ஸின் ஆவி வந்து கணினியைத் திறந்ததாகக் குருநகரில் இன்றும் கதைக்கிறார்கள். அது பொய். திறந்தவர் தகப்பன்.