ஆறாவது இசைத்தட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரைச்சல் இசை என்றால் உயிர். பிறந்தநாளுக்கு நண்பர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். பல கலைஞர்கள் இரும்பையும் இயந்திரத்தையும் அலறவைத்த ஐந்து இசைத்தட்டுகள் அதில் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது.

“நல்லா சத்தமா வெச்சுக் கேளு. அப்பதான் அதுக்கு அழகு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி சமையலறையில் இருக்க, மெக்கானிக் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தையும் கேட்டு முடித்தார். பெட்டிக்குள் ஆறாவதாக ஒன்று கிடந்தது. அதன்மேல் பெயர் எதுவும் இல்லை. கம்பெனிக்காரன் கைதவறிப் போட்டிருப்பான் என்று சந்தோஷமாக ஓடவிட்டார்.

முதலில் ரம்பம் அறுத்தது. அதற்கடியில் மனைவியின் குரல் கேட்டது.

“துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்.”

“சரி, வா. இடி விழுந்தாக்கூட இப்ப அவனுக்குக் கேக்காது,” என்றது நண்பரின் குரல். “அதுக்குத்தானே வாங்கிக் கொடுத்தேன்.”

பிறகு ஒரு கதவு கிறீச்சிட்டது. ஊர் லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவர், தன் வீட்டு வாசல்கதவுக்கு மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா?

இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினார். வீடு அமைதியானது.

வாசலில் கதவு கிறீச்சிட்டு, பாதியில் நின்றது.